ஆறாவது கோல்

குமரிக் கடலோரக் கிளப்புகளின் கால்பந்துப் போட்டியில் அன்று மாலை இறுதியாட்டம். ஆழ்கடலுக்கு மீன்பிடிக்கப் போன ஆட்டக்காரர்களுக்குப் பதிலாக மைதானத்தில் இரும்பு உடல்கள் நின்றன. படகில் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு ஒருவன் கையைத் தூக்கினால், இங்கே அவனுடைய உடலும் கையைத் தூக்கும். பேச மட்டும் அதற்கு வராது.

கோல்கீப்பர் மரியதாசனின் உடல் அசையவே இல்லை. புயலடித்ததிலிருந்து மூன்று நாளாக அவன் படகிலிருந்து ஒரு தகவலும் கிடையாது. பயிற்சியாளர் கிளீட்டஸ் மாற்று ஆளை இறக்கப் போனபோது, மரியதாசனின் மனைவி ஜெசிந்தா குறுக்கே வந்து நின்றாள்.

"விசில் ஊதுகது வரைக்கும் பொறுங்க அண்ணே."

விசில் ஊதும் நேரத்தில் அந்த உடல் சிலிர்த்து நிமிர்ந்தது. வலப்பக்கக் கம்பத்தை மூன்று தரம் தட்டிவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டது. அது அவனுடைய பழக்கமேதான். ஜெசிந்தா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆனால் அங்கே கடல் இன்னும் அடங்கவில்லை. படகு ஆட ஆட, இங்கே உடலும் குடித்தவனைப்போல் தள்ளாடியது. பந்து இடப்பக்கம் வந்தால் அது வலப்பக்கம் போய் விழுந்தது. ஐந்து கோல் போய்விட்டது. ஒவ்வொரு கோலுக்கும் ஜெசிந்தா எழுந்து நின்று கைதட்டினாள்.

கிளீட்டஸுக்குப் பொறுக்கவில்லை. "என்ன பிள்ளே, நீ யாரு பக்கம்?"

"கோல் விடுகதுக்கு ஆளு இருக்காரே, அண்ணே!"

ஆறாவது கோலுக்கு முதலில் கைதட்டியது கிளீட்டஸ்தான்.