இரண்டாம் வாசிப்பு

"கருத்துக் கேக்குற கூட்டம் ஏழாம் தேதியோட முடிஞ்சுபோச்சுங்க, டுவேன். இன்னிக்குச் சட்டத்த ரெண்டாவது தரம் வாசிச்சு ஓட்டுப் போடுறது மட்டும்தான்," என்றாள் தலைவி மார்வா.

டுவேன் எழுந்து நின்றவர் நின்றபடியே இருந்தார். ஒரு கையில் கழற்றிய தொப்பி. மறுகையில் இரண்டு பக்கமும் எழுதிய தாள்.

மேசைக்குப் பின்னால், மாவட்டம் போன்ற அந்தக் கவுண்டியின் ஆணையர்கள், மார்வாவையும் சேர்த்து மூன்று பேர். ஓரத்து நாற்காலியில் லேலண்ட். முப்பது வருஷமாக டுவேனுக்கு அடுத்த பண்ணைக்காரர்.

லேலண்ட் தண்ணீரை எடுத்தார். குடிக்காமலே வைத்தார்.

சட்டம் சின்னதுதான். விளைநிலத்தை நாற்பது ஏக்கருக்குக் கீழே துண்டு போட்டு வீடு கட்டக் கூடாது. பொஸ்மன் நகரத்துப் பக்கம் கோதுமை நிலமெல்லாம் வீட்டுமனையானதுபோல இங்கேயும் ஆகிவிடக் கூடாதென்று, லேலண்ட் இரண்டு வருஷம் வரைபடமும் கையுமாக அலைந்து எழுதிய சட்டம்.

டுவேனிடம் இருப்பதே அறுபது ஏக்கர். அதில் சாலையோரமாக ஐந்து ஏக்கரை, புருஷனை இழந்து இரண்டு பிள்ளைகளோடு சக்கரம் வைத்த வாடகை வண்டிவீட்டில் கிடக்கும் மகள் ஜோலீனுக்குப் பிரித்துக் கொடுத்து, ஒரு வீடு கட்டித் தர வேண்டும் என்றிருந்தார்.

மார்வா ஓட்டுக்கு விட்டாள். அவள் கை உயர்ந்தது. நடுவில் இருந்த ரெய்ன்ஹார்ட் வழக்கம்போல மறுத்துத் தலையாட்டினார்.

எல்லோரும் லேலண்டைப் பார்த்தார்கள்.

லேலண்ட் கையை உயர்த்தினார். சட்டம் நிறைவேறியது.

வெளியே படிக்கட்டில் டுவேன் அவருக்காகக் காத்திருந்தார். லேலண்ட் பக்கவாசல் வழியாகப் போய்விடலாமா என்று நினைத்தார். அதற்குள் டுவேன் தோளில் கைபோட்டுவிட்டார்.

"நீ ஏன்டா மூஞ்சியத் தொங்கப்போடுற? கூட்டம் ஏழாந்தேதின்னுதான் நீ சொல்லியிருப்ப, இந்த மடையன் காலண்டர்ல இருபத்தொண்ணுன்னு குறிச்சு வச்சிருக்கேன். ஜோலீன் பேப்பர்ல அறிவிப்பு வந்திருக்கான்னு பாக்கலாம்னா. லேலண்டே சொல்லிட்டான், அதுக்கு மேல என்ன பேப்பருன்னு நாந்தான் அவ வாய அடச்சேன்."

லேலண்ட் "சரி, விடு" என்றார்.

டுவேனின் வண்டி சாலை திரும்பி மறையும்வரை அவர் படியிலேயே நின்றார்.

டுவேன் சரியாகத்தான் குறித்திருந்தார். போன மாதம் வேலியோரம் நின்று, முகத்தைப் பார்த்து, இருபத்தொன்று என்று சொன்னவர் லேலண்ட்.

ஏழாம் தேதி டுவேன் எழுந்து ஜோலீனைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தால், மார்வா அசைந்திருக்க மாட்டாள். ரெய்ன்ஹார்ட் எப்படியும் எதிர்ப்பவர்தான்.

அசையக்கூடிய ஆள் அந்த மேசையில் ஒருவர்தான் என்பது லேலண்டுக்கு அன்றே தெரியும்.