கடைசிக் கை

தொற்றுநோய்க்காக அடைத்த தெருவில் எல்லோரும் தடுப்பூசி போட்டுக்கொண்டால்தான் தெருமுனைக் கதவு திறக்கும் என்பது சட்டம். பாக்கி ஒரே ஒருவர், ஊசியைக் கண்டாலே நடுங்கும் தணிகாசலம். அவர் மனம் மாறட்டும் என்று தெருவே முறைவைத்துச் சாப்பாடு கொடுத்தது. அவர் மனைவி செங்கமலம் அடுப்புப் பற்றவைத்தே ஒரு மாதமாகிறது.

இன்று கவுன்சிலரே நர்ஸோடு வந்துவிட்டார்.

"அண்ணே, உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன். எலெக்ஷன் வருது. கதவு திறக்கலேன்னா இந்தத் தெருவுல எனக்கு ஒரு ஓட்டு விழாது!"

தணிகாசலம் நெகிழ்ந்துபோய்ச் சட்டைக் கையை மடித்தார்.

நாளையிலிருந்து சமைக்க வேண்டுமே என்று செங்கமலம் பாய்ந்து வந்து அந்தக் கையை இறக்கிவிட்டாள்.

"அவருக்கு லேசா காய்ச்சல். அடுத்த வாரம் வாங்க. போறப்போ எதிர்வீட்டுல சொல்லிடுங்க, மீன் குழம்புல உப்பு கொஞ்சம் தூக்கல்."