வால்வு மட்டும்

“வால்வு மட்டும் பாருங்க, தம்பி. வேற எதையும் தொட வேணாம் லா.”

கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்த டோரிஸ், மகள் ஆட்ரியின் பித்தளை ஊதுகருவியான பிரெஞ்சு ஹார்னை மடியிலிருந்து இறக்க மனமில்லாமல் நீட்டினாள். விரலால் அழுத்தி இயக்கும் அதன் வால்வுகளில் ஒன்றுகூட அசையவில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸில் வாத்தியங்களைப் பழுதுபார்க்கும் கிரிகரி, குழாய்க்குள் பார்த்து முகம் சுளித்தான்.

“எச்சில் காஞ்சு ஒட்டிப் போயிருக்கு, ஆன்டி. ஊதி முடிச்சதும் தண்ணிய வடிக்கணும்னு மககிட்ட சொல்லுங்க.”

“எத்தனை தடவ சொல்லியிருக்கேன். கேட்டாத்தானே!”

அடுத்த சனிக்கிழமை அவள் வந்தபோது, வால்வுகள் விரல் பட்டதுமே வழுக்கிக்கொண்டு சுழன்றன.

“வால்வோட விட மனசு வரல, ஆன்டி. குழாய் முழுக்க சோப்புத் தண்ணி விட்டுக் கழுவிட்டேன். உங்க மக இனிமே புதுசு மாதிரி ஊதலாம்!”

டோரிஸ் ஹார்னை முகத்தருகே கொண்டுபோனாள். எலுமிச்சை சோப்பு மணந்தது.

“ஈஸ்டர் பூசைக்கு ஊதிட்டு வந்து வச்சா. மறுநாள் காலையில எழுந்திரிக்கவே இல்ல. தினமும் அவ விரல் வச்ச எடத்துல நான் விரல் வைப்பேன். அசையலையேன்னுதான் கொண்டாந்தேன். அவ மூச்சு இதுக்குள்ளதான் இருந்துச்சு.”



அவள் திட்டவில்லை. ஹார்னைப் பெட்டியில் வைத்து மூடினாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்து மெதுவாகக் கேட்டாள்.

“அந்தத் தண்ணிய எங்க ஊத்துனீங்க, தம்பி?”