முனிரத்தினத்தின் வலது கை

ஆள்சேர்ப்பு அதிகாரி திரையைக் கூடத்துச் சுவரில் சாய்த்து வைத்தார். நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய ஸ்டூடியோ போட்டோவிலிருந்து பட்டாளத்து உடுப்போடு முனிரத்தினம் எழுந்து நின்றார். வலது கையால் விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார்.

"கண்ணு, நான் முதல் உலகப் போரில் மெசபடோமியா வரை போய்ப் போர் செய்தவன். இப்போது உன் முறை. வா!" என்று அதே கையை நீட்டினார்.

பத்தொன்பது வயது இயல் கண் கலங்கிப்போய், பட்டாளத்தில் சேரும் படிவத்தில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தாள்.

"பெரியவங்க வந்து கூப்பிட்டா எந்தப் பிள்ளையும் மாட்டேன்னு சொல்றதில்லம்மா," என்றார் அதிகாரி.

இயலின் அம்மா தன்ஷிகாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. முனிரத்தினம் அவளுடைய சொந்தத் தாத்தா. அவருடைய அறுபத்தைந்தாவது வயதில் அப்பா பிறந்தார். அப்பாவின் அறுபதாவது வயதில் அவள் பிறந்தாள். விவரம் தெரிந்த யாரும் எந்த வீட்டிலும் மிச்சமில்லை என்ற தைரியத்தில்தானே இந்த ஆள் வந்திருக்கிறார்!

"இது சண்டைக்குப் போறதுக்கு முந்தி எடுத்த போட்டோ சார். திரும்பி வந்தவரு எங்கப்பாவுக்குச் சோறு ஊட்டுனது பீச்சாங்கையால. பாத்தவங்கல்லாம் மூஞ்சியச் சுளிச்சாங்களாம். இன்னொரு கை இருந்தாத்தானே ஊட்டுவாரு?"

அதிகாரி திரும்பிப் பார்த்தார். திரையில் முனிரத்தினம் வலது கையை நீட்டியபடியே சிரித்துக்கொண்டிருந்தார்.

தன்ஷிகா மகளிடமிருந்து பேனாவைப் பிடுங்கினாள்.

"மொதல்ல அந்தக் கையைக் கொண்டாந்து குடுங்க. அப்புறம் வந்து எம் பொண்ணைக் கேளுங்க."