சுறா நெய் பூசிய கார்

பானெட்டைத் தூக்கினாள். உள்ளே பாட்டரி மேல் உட்கார்ந்திருந்த பூனை, உனக்கு இங்கே என்ன வேலை என்பதுபோல அவளை ஏறிட்டுப் பார்த்தது.

இன்னொன்று உள்தகட்டை மும்முரமாக நக்கிக்கொண்டிருந்தது. மூன்றாவதன் வால் மட்டும் தெரிந்தது.

கார் வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை.

அதட்டினாள். கடற்கரைத் தெருவில் வளர்ந்த பூனைகள் அதட்டலுக்கெல்லாம் அசையாது. துடைப்பத்தை எடுத்துவந்து காட்டிய பிறகுதான், போனால் போகிறதென்று ஒவ்வொன்றாக இறங்கின.

அப்புறம்தான் வாடை மூக்கில் ஏறியது.

விரலை வைத்துப் பார்த்தாள். வழுக்கியது. தகடு, நட்டு, போல்ட்டு, ரப்பர் குழாய், ஒயர், ஒன்று பாக்கியில்லை. எல்லாம் பளபளவென்று மின்னின.

மீன் நெய். சுறா ஈரலை உருக்கி எடுப்பது. உப்புத் தண்ணீர் மரத்தைத் தின்னாமலிருக்க வள்ளத்துக்குப் பூசுவது.

இந்த வீட்டில் அதைத் தொடுகிற ஆள் ஒருவன்தான். அவள் புருஷன் சந்தியாகு.

நாளைக்கு முதல் சவாரி. ரயில்வே ஸ்டேஷனுக்கு ஒரு வாத்தியார் குடும்பம். மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் போய்ச் சேர வேண்டும்.

கோபம் சுருக்கென்று வந்தது. வந்த வேகத்திலேயே பாதியில் நின்றது.

அவனா?

கார் வந்த நாளிலிருந்து அவன் அதன் பக்கமே வந்ததில்லை. ஃபாதர் வந்து மந்திரித்தபோதும் வரவில்லை. தெருவே மாறி மாறி ஏறி, கலங்கரை விளக்கம்வரை போய்த் திரும்பியது. அவன் மட்டும் கிழிந்த வலையைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தான். இந்தக் காற்றில் இரும்பு நிற்காது என்று ஒரே ஒரு பேச்சு. அதோடு சரி.

பெண்டாட்டி டிரைவர் ஆனது பிடிக்கவில்லை என்று ஊர் பேசியது. அவளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டாள். வெளியே சிரித்துக்கொண்டு திரிந்தாலும் உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரே ஒரு தடவை அவன் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். அதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் வேண்டாம்.

டவுனில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கும் தம்பி டைட்டஸுக்குப் போன் போட்டாள். விஷயத்தைக் கேட்டு அவன் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. துருப்பிடிக்காமலிருக்க அடிப்பதற்கென்றே டப்பாவில் ஸ்பிரே விற்கிறதாம், மச்சான் சுறாவையே அடித்துவிட்டாரே என்றான். பிறகு பயப்படாதே அக்கா என்றும் சொன்னான். தகட்டில் இருப்பது இருந்துவிட்டுப் போகட்டும். ரப்பர், பெல்ட், ஒயர், சூடாகிற இடம், இதையெல்லாம் மட்டும் சோப்புத் தண்ணீர் தொட்டுத் துடைத்துவிடு. இல்லாவிட்டால் புகையைப் பார்த்து ஊர் கூடிவிடும்.

துணியை நனைத்துக்கொண்டு குனிந்தாள்.

துடைக்கத் துடைக்கத்தான் தெரிந்தது.

கை நுழையாத சந்திலும் நெய் இருந்தது. ஒரு திருகின் தலைப்பள்ளத்தில்கூட இருந்தது. பாட்டரி ஓரத்தில் கோழி இறகின் இணுக்கு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. விரல் போகாத இடத்துக்கு இறகைத் தொட்டுத் தொட்டுத் தடவியிருக்கிறான்.

மனசில்லாதவன் செய்கிற வேலையில்லை.

வேலியோரம் நெய் டின் கவிழ்ந்து கிடந்தது. காலி. வள்ளத்துக்கென்று அவன் சொல்லிவைத்து வாங்கியது. வள்ளமோ கரையில் ஏற்றிப்போட்ட இடத்தில், ஒரு சொட்டு நெய் காணாமல் வெயிலில் வெளுத்துக் கிடக்கிறது.

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பானெட்டுக்குள் தலையை விட்டபடியே சிரித்தாள்.

நிமிர்ந்தபோது சந்தியாகு நின்றிருந்தான். ஞாயிற்றுக்கிழமை, கடலுக்குப் போகிற நாளில்லை. டீக்கடையிலிருந்து வந்திருக்கிறான். அவள் கையிலிருந்த துணியைப் பார்த்ததும் முகம் தொங்கிப்போயிற்று.

"அழிக்கியா?"

ரப்பரும் பெல்ட்டும் மட்டும்தான் என்றாள். மற்றதெல்லாம் அப்படியே இருக்கும். டைட்டஸே சொல்லிவிட்டான்.

அவன் கொஞ்சம் யோசித்தான்.

"நாத்தம் அடிக்கோ?"

"வள்ளம் மாதிரி அடிக்கு."

அவன் முகம் மலர்ந்தது. புகழ்ந்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டான்.

அவளும் புகழ்ந்துதான் சொன்னாள்.

துணியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். அவள் காட்டக் காட்டத் துடைத்தான். காட்டாத இடத்தில் துணி படாமல் பார்த்துக்கொண்டான்.

முடிந்ததும் ஸ்டார்ட் செய்து பார்த்தாள். லேசாகப் புகைந்தது. கொஞ்சநேரத்தில் அதுவும் நின்றது.

பானெட்டை மூடினாள். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும் என்று பொதுவாகச் சொல்லி வைத்தாள். வா என்று கூப்பிடவில்லை. கூப்பிட்டு, அவன் மாட்டேன் என்றுவிட்டால் இன்றைய சந்தோஷம் அத்தனையும் பாழ்.

ஏறி உட்கார்ந்தாள். நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டாள்.

அவன் காரைச் சுற்றி வருவது தெரிந்தது. இடதுபக்கக் கதவைத் திறந்தான். திறந்தவன் அப்படியே நின்றான்.

பிறகு செருப்பை மணலில் கழற்றி விட்டான்.

கட்டிய நாளிலிருந்து பார்க்கிறாள். வள்ளத்தில் அவன் செருப்போடு ஏறியதே கிடையாது.

வெறுங்காலோடு ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

அவள் கியரிலிருந்து கையை எடுத்தாள். தன் பக்கத்துக் கதவைத் திறந்து, குனிந்து, தன் செருப்பையும் மணலில் விட்டாள்.