ஒவ்வொரு வரியும் என்னுடையது

வாசலில் ஷெரிஃப் அலுவலகக் கார் வந்து நின்றதைப் பார்த்ததும் ஹார்லன் ப்ரூயிட் குடித்துக்கொண்டிருந்த காலைக் காபியை அப்படியே கீழே வைத்தார்.

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் இருக்கத்தானே செய்யும்! நாட்டுப்புறப் பாட்டெழுதிப் பணத்தில் புரளும் மனிதர். நாளை மாலை நாஷ்வில் பாடலாசிரியர்கள் ஒன்றுகூடி அவருக்கு வாழ்நாள் விருது கொடுக்கிறார்கள். ஆனால் அந்த விருதைத் தேடித் தந்த ‘ப்ரையர் ஓடை’ பாட்டில் ஒரு வரிகூட அவருடையது இல்லை. அடகுக் கடையில் வாங்கிய பழைய கிதார் பெட்டிக்குள், துணிக்கு அடியில், யாரோ பென்சிலால் எழுதி ஒளித்து வைத்திருந்தது அது.

பேட்டிகளில் மட்டும் குறை வைக்கவில்லை. “நான் பட்டதைத்தான் எழுதுவேன். மண்ணுல புரண்டவன்யா நான்!” என்பார். மண்ணாவது, புரள்வதாவது! பல் டாக்டரின் செல்லப் பிள்ளை. குதிரையைத் தூரத்தில் பார்த்தாலே தும்மல் வரும். ஆனால் மாட்டுக்காரத் தொப்பியும் பூட்ஸும் இல்லாமல் குப்பை கொட்டக்கூட வெளியே வரமாட்டார்.

‘பாட்டை எழுதினவன் புகார் குடுத்துட்டான்!’

அழைப்பு மணி இரண்டாம் முறை அடிப்பதற்குள் அந்தப் பென்சில் காகிதங்களைக் கணப்பில் போட்டுச் சாம்பலாக்கினார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு கதவைத் திறந்தார்.

வந்தவர் துப்பறியும் அதிகாரி மேவிஸ் டங்கன்.

“உங்க ‘ப்ரையர் ஓடை’ பாட்டு விஷயமா வந்தேன் சார். எங்க வீட்டுக்காரர் அதைக் கேட்டாலே மூக்கை உறிஞ்சுவாரு.”

“அழாதவன் மனுஷனே இல்ல மேடம்.”

“அதை நீங்கதான் எழுதினீங்களா? கூட யாராவது...?”

“ஒத்தாசைக்கு ஆள் வெச்சு எழுதுற பயல்கள் வேற தெருவுல இருக்காங்க. இதுல ஒவ்வொரு வரியும் என்னுது.”

“யாராவது சொல்லிக் கேட்டதா இருக்குமோ?”

“யார் சொல்லணும்? எல்லாம் நானே அனுபவிச்சது!”

“அப்ப பாட்டுல வர்ற அந்த இடி விழுந்த ஓக் மரம், நீலக் கோட்டுப் பொண்ணு...?”

“எல்லாம் நிஜம். அவளை அந்த மரத்தடியில விட்டுட்டு வந்த வேதனை எனக்குத்தானே தெரியும்!” குரல் தழுதழுத்தது. இந்த நடிப்புக்கே தனியாக ஒரு விருது கொடுத்திருக்கலாம்.

“இதையே எழுதிக் கையெழுத்துப் போடுவீங்களா? வக்கீல் வெச்சுக்க உங்களுக்கு உரிமை இருக்கு.”

“உண்மையைச் சொல்றதுக்கு எதுக்கு வக்கீல்?”

பரபரவென்று எழுதி, ரசிகர்களுக்குப் போடுவதைப் போல வளைத்து வளைத்துக் கையெழுத்துப் போட்டார். புகார் கொடுத்தவன் மூக்குடைபட்டுப் போகட்டும் என்று உள்ளுக்குள் கறுவிக்கொண்டார். விருதுக்கு இனி ஆபத்தில்லை.

மேவிஸ் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு கைவிலங்கை எடுத்தார்.

“போன மாச வெள்ளத்துல ப்ரையர் ஓடைக்கரையில இருந்த அந்த மரம் வேரோட சாஞ்சிடுச்சு சார், அடியில நீலக் கோட்டோட ஒரு எலும்புக்கூடு கிடந்துச்சு, பித்தளைப் பொத்தான்கூட நீங்க எழுதின மாதிரியே சரியா எட்டு!”