மிச்சம் வைக்கக் கூடாது

விஜயகலா தன் குரலுக்குத் தானே மண் போட்டுக்கொண்டிருந்தாள். பழைய கெசட் ஒன்றை எடுப்பாள். அதன் முதுகிலிருக்கும் இரண்டு சிறு ஓட்டைகளையும் செலோடேப் ஒட்டி அடைப்பாள். அடைத்துவிட்டால் அதில் மறுபடி பதியலாம். ஏற்கெனவே இருந்த பாட்டு அழிந்துபோகும்.

ஏற்கெனவே இருந்தது ‘இடிமழை’ பேண்டின் முதல் கெசட். பெல்மதுளைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்த அந்த ரொக் பேண்டில் மூன்று பேர்: கிட்டாருக்கு அஜந்தன், ட்ரம்ஸுக்கு சசி, ஓகன் கீபோர்டுக்கு அஜந்தனின் சின்னம்மா மகள் விஜயகலா. அந்தக் கெசட்டை ஆசையோடு வாங்கியவர் அஜந்தனின் அம்மா ஒருவர்தான். மற்றவையெல்லாம் அட்டைப் பெட்டிகளில் கட்டிலுக்கடியில் கிடந்தன. வெறுங்கெசட் வாங்க வழியில்லாததால், இரண்டாவதை முதலாவதின் மேலேயே பதிந்துவிடலாம் என்று அஜந்தன் முடிவெடுத்தான்.

தோல்விக்குக் காரணத்தையும் அவனே கண்டுபிடித்திருந்தான். பி பக்கத்தின் கடைசியில் விஜயகலா பாடிய பாட்டு. மழை நாளில் ரப்பர் பால்வெட்டு இல்லை, சம்பளமும் இல்லை. இருந்தும் இன்னும் கொஞ்சம் பெய்யேன் என்று ஒருத்தி படுக்கையிலிருந்து மழையைக் கெஞ்சும் பாட்டு அது.

“ரொக் பேண்டுன்னு பேர வச்சிக்கிட்டு தாலாட்டுப் பாடுனா எவன் வாங்குவான்? இந்தவாட்டி நீ ஓகன மட்டும் வாசி, கலா.”

வாங்கினால்தானே கேட்டுத் தூங்கியிருப்பார்கள் என்றான் சசி. அஜந்தன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பாடுவதைத் தவிர வேறெதற்கும் விஜயகலா இந்த பேண்டுக்கு வரவில்லை. ஓகன் பழகியதே மைக்குக்குப் பக்கத்தில் நிற்கலாம் என்றுதான்.

பௌர்ணமி விடுமுறையான போயா நாளில், அடுப்பு அணைந்திருந்த புகை அறையில் புதுக் கெசட்டுக்கான பதிவு நடந்தது. காயப்போட்டிருந்த ரப்பர் சீட்டுகள் வரிசை வரிசையாகத் தொங்கி, எதிரொலியையெல்லாம் விழுங்கிக்கொண்டன. ஆனால் சுவரில் ஊறிய புகை தொண்டையில் ஏறியது. இரண்டாவது பாட்டின் நடுவே அஜந்தன் இருமியது அப்படியே பதிவானது. அதுதான் ரொக் என்று சசி தீர்ப்புச் சொன்னான்.

கடைசிப் பாட்டைத் தொடங்கும்போது ட்ரம்ஸின் தோல் கிழிந்தது. வேறு தோலுக்கு இரத்தினபுரிக்குப் போக வேண்டும். அந்தப் பாட்டே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். பி பக்கம் கொஞ்சம் குட்டையாகிப் போனது.

பிரதி எடுக்கும் வேலை விஜயகலாவின் தலையில் விழுந்தது. இரண்டு கெசட் போடும் ரேடியோவில் ஒரு பக்கம் புதுப் பாட்டு ஓடும். மறுபக்கம் பழைய கெசட்டில் அது பதியும். ஒவ்வொரு கெசட்டுக்கும் முழு நேரமும் காவலிருக்க வேண்டும்.

“பாட்டு முடிஞ்சாலும் நிப்பாட்டாத. டேப் கடைசி வரைக்கும் ஓடட்டும்,” என்றான் அஜந்தன். “பழசு ஒரு பொட்டுகூட மிச்சம் வைக்கக் கூடாது.”

அவள் தலையாட்டினாள்.

அஜந்தன் நினைத்ததற்கு முன்பே வேலை முடிந்துவிட்டது. கெசட்டுகளெல்லாம் புது அட்டை போட்டுப் பெட்டியில் அடுக்கியிருந்தன. அவன் ஒன்றை எடுத்துத் தன் இருமல் வரும் வரை கேட்டான். கெட்டிக்காரி என்று அவளை மெச்சினான்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு, பெல்மதுளைச் சந்தியில் நுஹ்மான் நானாவின் கெசட் கடையில் வெளியீடு. பேண்டின் பேருக்கேற்ற மழை. கறுப்பு டீசேர்ட்டோடு நனைந்துகொண்டே அஜந்தன் ரிபன் வெட்டினான். மழைக்கு ஒதுங்கியவர்களையும் சேர்த்துப் பார்த்தால் நல்ல கூட்டம்தான். ஒதுங்கியவர்களில் எம்பிலிப்பிட்டிய பஸ் ஓட்டுபவர் ஒருவரும் இருந்தார். பஸ்ஸில் போடச் சொல்லி நானா அவருக்கு ஒரு கெசட்டைச் சும்மா கொடுத்தார்.

மழைக்காலம் முடிவதற்குள் நானாவிடமிருந்து ஆள் வந்தது. கெசட்டெல்லாம் தீர்ந்துவிட்டது, உடனே வரவும். அஜந்தன் வழியெல்லாம் மூன்றாவது கெசட்டுக்குப் பெயர் யோசித்துக்கொண்டு வந்தான். கூட வந்த விஜயகலா பஸ் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எந்தப் பாட்டு நானா எடுபட்டுச்சு? ரெண்டாவதா?”

“ரெண்டாவதுல யாரோ இருமுற,” என்றார் நானா. “ஒங்கட சத்தமெல்லாம் முடிஞ்ச பொறகு, கடைசீல ஒரு புள்ள பாடுறது ஈக்கிதானே. அதத்தான் ஆக்கள் கேக்கிற.”

பஸ்ஸில் அதைக் கேட்ட சிங்களப் பொடியன்கள்கூட, சொல் ஒன்றும் விளங்காமலே, ‘அந்திம சிந்துவ’ என்று அந்தக் கடைசிப் பாட்டைத் தேடி வருகிறார்களாம். நிவித்திகலவில் கோயில் திருவிழாவுக்கு பேண்டைக் கூப்பிட்டிருக்கிறார்களாம். அந்தப் பிள்ளை வந்து பாடினால் மட்டும்.

அஜந்தன் நானாவைப் பார்த்தான். கடை வாசலில் தொங்கிய ஸ்பீக்கரைப் பார்த்தான். கடைசியாகத் தங்கச்சியைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான்.

“சரி, திருவிழாவுக்கு நீயே முன்னுக்கு நின்னு பாடு,” என்றான். “ஆனா அந்த ரேடியோவ மொதல்ல ரிப்பேருக்குக் குடுக்கணும் கலா. டேப் முடியிறதுக்கு முந்தியே தானா நின்னு நின்னு போயிருக்கு.”

அந்தப் பயணத்தில் முதல் தடவையாக விஜயகலா சிரித்தாள்.

“ரேடியோவுக்கு ஒண்ணுமில்லண்ணே.”